தேய்த்துக் கழுவிய ஜாடி

நான் தங்கியிருக்கும் அறையில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய காப்பித்தூள் பாட்டில் இருக்கிறது. அதில் கால் பாகத்துக்குக் குழம்பு மிளகாய்த்தூள். என் அம்மா மிளகாயும் மல்லியும் வாங்கி, வீட்டுக்காரர் மொட்டை மாடியில் பாய் விரித்துக் காயவைத்து, மெஷினில் கொடுத்து அரைத்தது. வந்தபோது பாட்டிலைத் திறந்தால் தும்மல் வரும். இப்போது மூக்கை உள்ளே விட்டாலும் ஒன்றும் இல்லை. நிறம் செங்கல் பொடிக்குப் போய்விட்டது. போன மாதம் வண்டும் வைத்துவிட்டது.

இது போலந்து நாட்டில், பெயரை நானே சரியாகச் சொல்ல வராத ஓர் ஊர். காய்கறிகளை நறுக்கி, உறையவைத்து, பையில் அடைக்கிற ஆலையில் வேலை. இதற்கு முன்னால் மஸ்கட், அதற்கு முன்னால் பூனா, அதற்கும் முன்னால் திருப்பூர். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு ஊர்தான் மாறும், வேலை மாறாது. சாப்பாட்டுக்கு இங்கே குறைவில்லை. ரொட்டி, உருளைக்கிழங்கு, புளிக்கவைத்த முட்டைக்கோஸ். பசி தீரும், ஆனால் சாப்பிட்ட மாதிரி இருக்காது. ராத்திரி நாங்களே சோறு பொங்கி, கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு மசாலாவைப் போட்டு, சிவப்பாக ஒன்று வைப்போம். அதைக் குழம்பு என்று சொல்லிக்கொள்வோம்.

அறையில் கூட இருப்பவன் சிவகங்கைப் பக்கத்துப் பையன். சமையல் அவன் பொறுப்பு. பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு எரிச்சல்.

"அண்ணே, வண்டு வச்சுருச்சுண்ணே. இன்னும் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழுறீக? பழசாப் போச்சு. நானே வெளிய கொட்டிட்டு, பாட்டிலைக் கழுவி வைக்கிறேன். உப்புப் போட்டுக்கலாம்."

"கை வெச்சே, கையை ஒடைச்சிருவேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை. பழசு, கொட்டு, கழுவு ஆகிய மூன்று வார்த்தைகளையும் ஒரே மூச்சில் கேட்டதும் எனக்குக் கொரியாக்கார சாரின் ஞாபகம் வந்துவிட்டது. அது அவனுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ வயதிருக்கும். நாங்கள் மண்ணூரில் இருந்தோம். அப்பா எங்களோடு இல்லை. செத்துப்போகவில்லை, இல்லை, அவ்வளவுதான். அம்மா ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் என்கிற அளவுக்குப் பெரிய அண்டாக்கள். முகூர்த்த மாதங்களில் அவளுடைய விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்திருக்கும். சோற்றைப் பிசைந்தால் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கார் ஓட்டினார். வண்டியின் முதலாளி அதை இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கொரியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய சாரைக் காலையில் கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது அவர் வேலை. அந்த சாருக்கு வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது மாமா அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் அந்த வீடு. சுற்றிலும் காலி மனைகள். எல்லைக் கல்லும் கருவேல முள்ளும் பன்றிகளும்தான் அக்கம்பக்கம். ஆனால் வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, கேஸ் அடுப்பு இருந்தது, தலைக்கு மேலே மின்விசிறி இருந்தது. அம்மா அங்கே வேலை செய்ததைவிட அந்த வேலைக்குப் பயந்ததுதான் அதிகம். இது கையைவிட்டுப் போனால் மறுபடியும் மண்டபத்து அண்டாதான். மாமாவும் அடிக்கடி நினைவுபடுத்துவார்.

"அக்கா, பாத்து நடந்துக்கோ. உன்னால எதுனா ஆச்சுன்னா என் வண்டியையும் சேத்துக் கழட்டி உட்ருவானுங்க."

"ஏன்டா, நான் இன்னா அந்தாள் தலையிலயா கொழம்ப ஊத்தப் போறேன்?"

சாருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். தனி ஆள். தலைமுடி பாதி நரைத்து, குட்டையாக வெட்டியிருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, அம்மாவுக்கு அதுவும் கிடையாது. ஆகையால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு வார்த்தைதான் போய் வந்துகொண்டிருந்தது. உப்பு போதுமா என்று அம்மா சைகையில் கேட்டால் ஓகே. இன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்றால் ஓகே. நாளைக்கு நான் வரமாட்டேன் என்றாலும் ஓகே. "வூடு பத்திகினு எரியுதுன்னு சொன்னாக்கூட ஓகேன்னுதான் சொல்வாரு போல" என்று அம்மா சிரிப்பாள்.

அவருக்குக் காரம் ஆகாது என்று மாமா சொல்லியிருந்தார். சோற்றைக் குழைய வடித்து, மீனை வெறும் உப்புப் போட்டு வறுத்து, வெள்ளரிக்காயை நறுக்கி, முட்டையை அவித்து வைப்பாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. ஆனாலும் அம்மாவுக்குத் திருப்தி இல்லை.

"தின்னு முடிக்கிறாருடா. அவ்ளோதான். ஒரு தபாகூட இன்னும் கொஞ்சம் வையின்னு தட்டை நீட்டினதில்ல. நாக்கு செத்துப்போயிக் கீது மனுசனுக்கு."

அந்த வருஷம் ஐப்பசி மழையில் சார் திடீரென்று ஊருக்குப் போனார். லீவு என்று மாமா சொன்னார். திரும்பி வந்தபோது ஒரு ஜாடி கூட வந்தது. நம் ஊர் ஊறுகாய் ஜாடி மாதிரிதான், ஆனால் முழுக்கக் காப்பி நிறம், வயிறு சற்றுப் பெருத்திருந்தது. அதை அவர் சமையலறையில் வைக்கவில்லை. பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தார். அங்கேதான் தப்பு நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் வழக்கத்தில் புழங்குகிற பண்டம் அடுப்படியில் இருக்கும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய்விட்டால் அது கழித்துப்போட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு. அன்றைக்கு சார் தானே ஏதோ வைத்துச் சாப்பிடுவார். திங்கட்கிழமை போனால் ஒரே ஒரு சட்டி மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். அதில் அவர் என்ன வைத்தார் என்று அம்மா யோசித்ததே இல்லை. ஆம்பளையாக இருந்தும் சட்டியைக் கழுவி வைக்கிறாரே என்று அதையே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்கழிக் கடைசி வந்தது. போகிக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா மாமாவிடம் மூன்று இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொண்டாள். நானும் அன்றைக்கு அவளோடு போயிருந்தேன். சார் கூடத்தில் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றாள்.

"சார். டுமாரோ போகி. ஓல்டு... த்ரோ. ஓகே சார்?"

சார் நிமிர்ந்தார். அம்மா கையால் வீட்டை ஒரு வட்டம் சுற்றிக் காட்டி, வாசல் பக்கம் வீசியெறிகிற மாதிரி செய்துகாட்டினாள்.

"ஓகே, ஓகே" என்றார் சார். பழைய பேப்பர் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் விடியும்போதே ஊரெல்லாம் டயர் புகை. பையன்கள் மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்கு ஏது போகி? மாமா வழக்கம்போல சாரை ஏற்றிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் இல்லாததால் நான் அம்மாவுக்கு ஒத்தாசை. பழைய பேப்பர், கிழிந்த பாய், தேய்ந்த விளக்குமாறு எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தோம். ஒட்டடை அடித்தோம். கடைசியாக அம்மா பின்பக்கம் வந்து ஜாடியின் மூடியைத் திறந்தாள். திறந்தவுடன் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே முக்கால் ஜாடிக்குக் கறுப்பும் பழுப்புமாக ஒரு களி. மேலே திட்டுத் திட்டாக வெள்ளைப் பூசணம். கருவாடும் ஈரச் சாக்ஸும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம்.

"ஐயய்யோ, ஊசிப்போயி பூசணம் பூத்துக் கெடக்குதே" என்றாள். அவள் குரலில் அருவருப்பைவிட இரக்கம்தான் இருந்தது. "பாவம்டா. ஊர்லருந்து ஆசையா எதையோ தூக்கிகினு வந்துருக்குறாரு. தின்றதுக்குள்ள கெட்டுப்போயிருக்குது. எடுத்துக் கொட்டக்கூட நேரமில்லாம அப்படியே வெளிய வெச்சிட்டாரு."

இரண்டு பேருமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து மனையில் கொட்டினோம். பன்றிகள் வந்தன. ஒரு பெரிய பெண் பன்றியும் அதன் குட்டிகளும். அம்மா மிச்சத்தைக் குச்சியால் சுரண்டிப் போடுவதற்குள் முதலில் கொட்டியதை அவை நக்கி முடித்திருந்தன. "பாரு, இதுங்களுக்கு போகிக்கே பொங்கலு" என்றாள் அம்மா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு அந்த ஜாடியை அவள் தேய்த்த தேய்ப்பு! மண்டபத்து அண்டாக்களைத் தேய்த்த கை. புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் ஒரு தடவை, சோப்புத்தூள் போட்டு ஒரு தடவை, நாற்றம் போகவில்லை என்று எலுமிச்சைத் தோலைப் போட்டு வெந்நீரை ஊற்றி ஊறவைத்து இன்னொரு தடவை. வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்து, என்னையும் மோந்து பார்க்கச் சொன்னாள். எலுமிச்சை வாசனைதான் வந்தது. மறுநாள் பொங்கல் என்பதால் அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் கொத்தைக் கட்டி, கூடத்தில் மேசை மேல் வைத்தாள். சார் வந்ததும் பார்க்கட்டும் என்று சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தாள்.

சார் வந்தார். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு மாமா. மேசையில் இருந்ததைப் பார்த்து சார் முதலில் சிரித்தார். மஞ்சள் இலையைத் தொட்டுப் பார்த்தார். வேறு ஏதோ ஜாடி என்று நினைத்தார் போலிருக்கிறது. பிறகு மூடியில் இருந்த ஒரு சின்ன மூளியில் அவர் விரல் பட்டது. அப்படியே நின்றது. மூடியைத் திறந்தார்.

"ஓல்டு சார்" என்றாள் அம்மா. "த்ரோ. க்ளீன்."

சார் குனிந்து முகத்தை ஜாடிக்குள் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. அம்மா எப்படிக் கழுவியிருக்கிறாள் என்று சோதிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "புளி போட்டுத் தேச்சேன் சார், மூணு வாட்டி" என்று தமிழிலேயே சொன்னாள். வாசலில் மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் செத்திருந்தது.

சார் நிமிர்ந்து, "வேர்?" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். பெருமையாக முன்னால் நடந்து அவரைப் பக்கத்து மனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஈரமாக ஒரு திட்டும் பன்றிக் குளம்புத் தடமும்தான் இருந்தன. சார், போட்டிருந்த நல்ல கால்சட்டையோடு அந்த மண்ணில் குந்தினார். ஒரு விரலால் ஈரத்தைத் தொட்டு மோந்து பார்த்தார். பெரிய கம்பெனியின் பெரிய சார் மண்ணை மோந்து பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொள்ளாமலே என்னைக் கடந்து போனார். அம்மாவைத் தாண்டும்போது "ஓகே" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமா அம்மாவைக் கார் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கிற நீ!"

"கேட்டுட்டுத்தானடா செஞ்சேன். ஓகேன்னாரேடா."

"அக்கா, அது அவுங்க ஊர்ல கொழம்புக்குப் போடுறது. பயிற வேக வெச்சி, இடிச்சி, வருசக்கணக்கா ஊறப் போட்டு வெக்கிறது. அவுங்கம்மா கையால போட்டது."

"பூசணம் பூத்துக் கெடந்துதுடா!"

"பூக்கத்தான் பூக்குமாம். பழசா ஆவ ஆவத்தான் அதுக்கு ருசியே."

அம்மா அப்படியே காரின் மேல் சாய்ந்துகொண்டாள். "பன்னிக்கு ஊத்திட்டேனே" என்று அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அம்மாவுக்குக் கஷ்டமாகப் போயின. சார் திட்டவில்லை. மாமாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு, வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார். ஆனால் தட்டு மட்டும் பாதிச் சோற்றோடு திரும்பி வர ஆரம்பித்தது. பொங்கலுக்கு அம்மா வைத்த சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டி எடுத்துவிட்டு "ஓகே" என்றார். வறுத்த மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டு "ஓகே" என்றார். அம்மா ஒவ்வொரு ஓகேவையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

"நல்லா நாலு வார்த்த திட்டிட்டாருன்னா தேவலடா. இப்படி ஓகே ஓகேன்னா நான் இன்னான்னு எடுத்துக்கிறது? வேலை இருக்குதா, போயிடுச்சான்னே தெரில."

மண்டபத்து மேஸ்திரியை வழியில் பார்த்தால் முன்பெல்லாம் ஒதுங்கிப் போகிறவள், இப்போது நின்று நலம் விசாரித்தாள்.

ஒரு நாள் பயிறு வாங்கிக்கொண்டு வந்தாள். மாமாவிடம் துருவித் துருவிக் கேட்டு வைத்திருந்தாள். வேகவைத்து, உரலில் இடித்து, கல் உப்பைப் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, கூரைக்கு அடியில் வெயில் படுகிற மாதிரி வைத்தாள். சீக்கிரமே அது நாற ஆரம்பித்தது. அம்மா அதைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பழையதை மோந்தே கண்டுபிடிக்கிறவள் அவள். நேற்று வைத்த குழம்பா, முந்தாநாள் வைத்ததா என்று மூடியைத் திறக்காமலே சொல்லுவாள். அவளுக்கு அன்றைக்கு மூக்கு கைகொடுக்கவில்லை.

"இது நல்ல நாத்தமா, கெட்ட நாத்தமாடா?" என்று என்னைக் கேட்டாள். "கெட்டுப்போச்சா, இல்ல ஆகிகினு வருதா? ஒண்ணும் வெளங்கலியே."

மாமா டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "இத குடுத்துக் கொன்னுடாதக்கா, ஜெயிலுக்குப் பூடுவோம்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. கொட்டவும் பயம், வைத்திருக்கவும் பயம். மூடியைப் போட்டு மூடுவாள், மறுபடி திறப்பாள். புழு வைத்த பிறகுதான் கொட்டினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இதில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்றுதான் இருந்தது. அவருடைய அம்மா போட்டது என்று மாமாவே சொல்லிவிட்டார். அப்புறம் என்ன கஷ்டம்? அந்த அம்மாவிடம் சொன்னால் இன்னொன்று போட்டுத் தரப்போகிறார்கள். இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை பெரியவர்களுக்கும் ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. மாமாவிடம் கேட்டேன். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "போய்ப் படிடா" என்றார். வண்டிக்குள் கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது டிரைவர் வேலையின் முதல் பாடம் என்று அவர் அடிக்கடி சொல்வார். அன்றைக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.

என் கேள்விக்கு அவர் பதில் சொன்னது போன வருஷம், போனில். என் அம்மா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கு. எனக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் எடுத்திருப்பார்கள். கொள்ளி வைத்ததும் மாமாதான். எல்லாம் பேசி முடித்தபிறகு, அம்மா அரைத்துக் கொடுத்த தூள் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, போட்டுத் தீர்க்கவும் மனசு வரவில்லை, வெறுமனே வைத்திருக்கவும் முடியவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

"அந்தக் கொரியாக்கார சாரு ஜாடி ஞாபகம் கீதாடா?" என்றார்.

அந்த ஐப்பசியில் சார் லீவில் போகவில்லை. அவருடைய அம்மா இறந்துபோனதற்குப் போனார். கம்பெனியில் டிக்கெட் போட்டுக் கொடுத்தபோதே மாமாவுக்குத் தெரியும். திரும்பி வந்த அன்றைக்கு ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரைக்கும் அந்த ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். ஒருநாளும் வேகத்தைப் பற்றி வாய் திறக்காத மனுஷன், வேகத்தடை வரும்போதெல்லாம் "ஸ்லோ, ஸ்லோ" என்றாராம். அந்த அம்மா கடைசியாகப் போட்டு வைத்தது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு கரண்டி.

"எங்கக்கா கைல எப்பிட்றா சொல்றது?" என்றார் மாமா. "அவ செத்தே போயிருப்பா."

அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. சார் அவளை நிறுத்தவும் இல்லை. அவர் ஊர் திரும்புகிற வரைக்கும் அவள்தான் சமைத்தாள். அதற்கப்புறம் வந்தவர்களுக்கு வெளியிலிருந்து சாப்பாடு வந்ததால், ஒரகடத்தில் ஒரு கேன்டீனுக்கு வெங்காயம் உரிக்கப் போனாள். அங்கே கூட உரிக்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பாள்: "இந்நேரம் அவுங்கம்மா புச்சா ஒரு ஜாடி போட்டுக் குடுத்துருக்கும்."

அப்படி அவள் நம்பியதற்கு நான்தான் காரணம்.

தை முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளாக இருந்தும் அம்மா ஒரு தூக்கில் சுடச்சுடச் சோறும் வறுத்த மீனும் வைத்து, சாருக்குக் கொடுத்துவிட்டு வா என்று என்னைச் சைக்கிளில் அனுப்பினாள். முன்கதவு சாத்தியிருந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். சார் பனியனோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பழைய இடத்திலேயே, ஜாடி இருந்தது. மூடியைத் திறந்து வெயில் படும்படி வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா கழுவியபடி பளபளவென்று இருந்தது. காலி ஜாடியை எதற்குக் காயவைக்கிறார் என்று நினைத்தேன். அம்மா நன்றாகத்தானே காயவைத்திருந்தாள்.

தூக்கைக் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கேட்பதற்கு இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் மொத்தத்தையும் திரட்டிக்கொண்டு, ஜாடியைக் காட்டி ஆரம்பித்தேன்.

"சார். யுவர் மதர்... ஒன் மோர்... மேக்?"

அவருக்குப் புரியவில்லை. "மை மதர்?" என்றார்.

"எஸ் சார். போன்." கையைக் காதில் வைத்துக் காட்டினேன். இடிக்கிற மாதிரி, அடைக்கிற மாதிரி, மூடுகிற மாதிரி எல்லாம் செய்து காட்டினேன். "போன், மதர். மதர், மேக். கம்மிங்."

சார் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூடியைப் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். ஆகாயத்தில் விமானம் ஒன்று மீனம்பாக்கம் பக்கமாக இறங்கிப் போனது. அது மறைகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இங்கிலீஷ் சரியில்லை போலிருக்கிறது என்று நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கப் போனேன்.

"ஓகே" என்றார்.

நான் காத்திருந்தேன்.

"ஐ ஆஸ்க் மை மதர்" என்றார். ஒவ்வொரு வார்த்தையாக, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்திச் சொன்னார். "ஓகே? டெல் யுவர் மதர். நோ ப்ராப்ளம்."

அப்புறம் தூக்கைத் திறந்து, கையாலேயே மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் வந்த வேகத்தில் சைக்கிளைத் திருப்பினேன். பெரியவர்கள் ஒருத்தராலும் முடியாததை முடித்துவிட்ட கர்வம். லாரிகளுக்கு நடுவே புகுந்து மண்ணூர் வரைக்கும் உட்காராமல் நின்றுகொண்டே மிதித்தேன்.

அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன்.

"மா! சாரு அவுங்கம்மாவ கேக்குறாராம்! புச்சா போட்டுத் தருவாங்களாம்! உன்கைல சொல்லச் சொன்னாரு, நோ ப்ராப்ளமாம்!"

"நெசமாவாடா? அவுரே சொன்னாரா?"

"அவுரு வாயால சொன்னாரு."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். போகியன்றைக்கு உள்ளே இழுத்த மூச்சை அப்போதுதான் வெளியே விட்டாள் போல. எந்தத் திசையில் கொரியா இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கம்பெனி இருக்கிற பக்கமாகத் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அந்தம்மா நல்லா இருக்கணும்டா" என்றாள். "நோய் நொடி இல்லாம நூறு வருசம் இருக்கணும்."

நானும் அவள் பக்கத்தில் நின்று, அதே பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டேன்.